எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை? நிறுத்திப் பார்த்து, திரும்பச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பத்து வருடம் நான் பாலைச் சந்தேகப்பட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் கழிந்தால் வயிறு உப்பும், இடுப்பில் கட்டியது எல்லாம் இறுகும், சில நாள் அவசரமாக ஓட வேண்டியிருக்கும். பால் காபியை விட்டேன், ஒரு மாதத்தில் திரும்பப் பிடித்தேன். தயிரை விட்டேன், கல்யாண வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டேன், மறுபடி விட்டேன். வயிறு சரியில்லாத ஒவ்வொரு நாளும் மாமியார் அக்கறையாக வைத்துத் தந்தது பூண்டு ரசம். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மூன்று மாதம் முறையாகச் சோதித்தபோதுதான் தெரிந்தது, பால் எனக்கு எதுவும் செய்யவில்லை. பூண்டுதான் காரணம்.

அந்த முறையை இங்கே எழுதுகிறேன். விலக்கு உணவுமுறை என்று சொல்லலாம். சந்தேகப்படும் உணவைச் சில வாரம் முழுதாக நிறுத்துவது, தொல்லை அடங்குகிறதா என்று பார்ப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தொல்லையைக் கொண்டுவருகிறது என்று பிடிப்பது. 1920-களில் கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் இதை ஒரு முறையாக எழுதிவைத்தார். இன்றைக்கும் பல ஒத்துக்கொள்ளாமைகளைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. பத்தியம் நமக்குப் புதிதல்ல, ஆனால் இது பத்தியம் இல்லை. பத்தியத்தில் நிறுத்துவதே மருந்து. இங்கே நிறுத்துவது பாதி வேலைதான். விடை கிடைப்பது திரும்பச் சேர்க்கும்போது. பெரும்பாலோர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள், பிறகு ஆயுசு முழுக்க எட்டுப் பத்துச் சாமான்களைத் தேவையில்லாமல் ஒதுக்கிவைத்து வாழ்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

அடுப்பைத் தொடுவதற்கு முன்னால்

ஒவ்வாமையும் ஒத்துக்கொள்ளாமையும் வேறு வேறு. ஒவ்வாமை உடலின் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்பட்டது. இறால், வேர்க்கடலை, முட்டை, பால் என்று ஏதோ ஒன்றைத் தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடித்து அரிப்பு, உதடும் கண் இமையும் வீக்கம், மூச்சு இரைப்பு, தலைசுற்றல் வந்தால் அது இந்த வகை. இதற்கு ஒரு துளிகூடப் போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படி ஒரு தடவையாவது வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வைத்து வீட்டில் எதையும் சோதிக்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள். ஆஸ்துமா, கரப்பான் உள்ளவர்களும் அப்படியே. ஒரு உணவைச் சில வாரம் விட்டுத் திரும்பச் சாப்பிடும்போது முன்பைவிடக் கடுமையாக உடல் எதிர்த்த சம்பவங்கள் உண்டு, குழந்தைகளுக்கு முக்கியமாக.

ஒத்துக்கொள்ளாமை பெரும்பாலும் செரிமானக் கோளாறு. உப்புசம், வாயு, வயிற்றுவலி, பேதி அல்லது மலச்சிக்கல். உயிரை எடுக்காது, நிம்மதியை எடுக்கும். இதில் அளவுதான் கணக்கு: கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றுமில்லை, ஓர் எல்லையைத் தாண்டினால் தொல்லை. இந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், ரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் சமையலறை. கர்ப்பிணிகள், வளரும் குழந்தைகள், எடை மிகக் குறைந்தவர்கள், சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் இருந்தவர்கள் தனியாக இறங்க வேண்டாம். உணவியல் நிபுணர் கூட இருக்கட்டும்.

கோதுமையைச் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் சீலியாக் என்ற நோய் ஒன்று உண்டு. வட இந்தியாவில் கூடுதலாகத் தெரியவருகிறது, நம் பக்கம் குறைவு, இல்லாமல் இல்லை. அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் போய்ப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுங்கள். முடிவு வந்த பிறகு நிறுத்துங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு துளி ரத்தத்தில் நூறு இருநூறு உணவுகளுக்கு ஒத்துக்கொள்ளாமை பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளில் காசைப் போடாதீர்கள். நான் போட்டேன். இருபதுக்கும் மேற்பட்ட சாமான்கள் சிவப்பில் வந்தன, அரிசி உட்பட. அந்த வகை எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் அந்த உணவை நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் பொருள். அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. முடியை அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைகளுக்கும் எந்த அடிப்படையும் இல்லை. பாலுக்கு மட்டும் பயனுள்ள பரிசோதனை ஒன்று இருக்கிறது. பால் சர்க்கரையை, அதாவது பாலில் இயல்பாகவே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை, குடிக்கவைத்து மூச்சில் ஹைட்ரஜன் அளப்பது. பெரிய ஊர்களில் இரைப்பை-குடல் மருத்துவர்களிடம் கேட்கலாம்.

இரண்டு வாரம், ஒரு நோட்டு

எதையும் நிறுத்தாமல், எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வாரம் எழுதுங்கள். நேரம், என்ன, எவ்வளவு, தொல்லை எப்போது வந்தது, பத்துக்கு எத்தனை மதிப்பெண். "டிபன்" என்று எழுதினால் உதவாது. "மூன்று தோசை, சின்ன வெங்காயச் சாம்பார் ஒரு கிண்ணம், பொட்டுக்கடலை போட்ட தேங்காய்ச் சட்னி" என்று எழுத வேண்டும். தூக்கம், மனக்கவலை, மாதவிடாய் நாள், மாத்திரைகள் எல்லாமே வரட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் உப்புசத்தைச் சாம்பார் தலையில் கட்டிவிடுவது சுலபம்.

தொல்லை வந்ததற்கு முந்தைய வேளையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பால் சர்க்கரை வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். வெங்காயம், பூண்டு, பருப்பு அப்படியில்லை. பெருங்குடலைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை நொதிக்கும், அதற்கு நாலைந்து மணி நேரமும் ஆகலாம், இன்னும் கூடவும் ஆகலாம். நான் சாயங்காலக் காபியைப் பத்து வருடம் திட்டியதற்குக் காரணம் இதுதான். காபி குடிக்கும் நேரத்தில் மத்தியானப் பூண்டு ரசம் வந்துசேர்ந்திருந்தது.

எதை நிறுத்துவது

நோட்டைப் பார்த்தால் சந்தேகம் ஒன்றிரண்டில் வந்து நிற்கும். ஒன்றுதான் என்றால் அதை மட்டும் நிறுத்தினால் போதும். எதுவும் பிடிபடவில்லை, எதைத் தின்றாலும் உப்புகிறது என்றால்தான் பெரிய வட்டம் போட வேண்டும். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபாட்மாப் முறை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும் சர்க்கரை வகைகளின் கூட்டுப் பெயர் அது. நம் சமையலில் அவை இருக்கும் இடங்கள்:

- பால் சர்க்கரை: பால், பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம்.
- ஃபிரக்டான்: வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை. முந்திரியிலும் உண்டு.
- பருப்பு வகைச் சர்க்கரை: கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி, துவரை, கடலைப்பருப்பு.
- பழச்சர்க்கரை மிகுந்தவை: மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, தேன்.
- சர்க்கரை ஆல்கஹால்: காலிஃபிளவர், காளான், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்.

பாலை நிறுத்துகிறவர்கள் நெய்யை நிறுத்த வேண்டியதில்லை, அதில் பால் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். கெட்டித் தயிரில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. ஆனாலும் சோதனை வாரங்களில் தயிரை ஒதுக்கிவைப்பது விடையைத் தெளிவாக்கும். சுண்ணாம்புச் சத்துக்கு கேழ்வரகு, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி, அகத்திக்கீரை இருக்கின்றன.

அமாவாசைச் சமையல்

வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு மூன்றும் இல்லாமல் வீட்டில் என்ன சமைப்பது என்று நான் மலைத்து நின்றேன். மாமியார் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்: "அமாவாசைக்கு என்ன செய்வோமோ அதைத் தினமும் செய்வோம், இதுக்கு ஏன்மா கவலை?"

அது எவ்வளவு சரியான பதில் என்று போகப்போகத்தான் உறைத்தது. விரத நாளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையல் நம் வீடுகளில் பரம்பரையாக இருக்கிறது. திவசச் சமையலில் பல வீடுகளில் துவரைக்குப் பதில் பயத்தம்பருப்பு, மிளகாய்க்குப் பதில் மிளகு, பெருங்காயமும் கிடையாது. வயிற்றுக்காக யாரும் அப்படி வகுக்கவில்லைதான், ஆனால் நிறுத்தும் வாரங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. மிளகு சீரக ரசம், கொஞ்சம் பயத்தம்பருப்பு போட்ட கூட்டு, கத்தரிக்காய் வதக்கல், கேரட் பொரியல், உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், பப்பாளி, ஆரஞ்சு, அரிசிச் சோறு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். மீன், கோழி, முட்டையில் இந்தச் சர்க்கரைகள் எதுவுமே இல்லை. மசாலாவில் மட்டும் கவனம். இட்லியில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான், அதுவும் ஊறிப் புளித்தது. எனக்கு இரண்டு மூன்று இட்லி ஒன்றும் செய்யவில்லை.

பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வாசனை வரும், தொல்லை வராது. அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பூண்டு ஊறிய எண்ணெயைப் பாட்டிலில் நாள்கணக்கில் வைத்தால் கிருமி வளரும். ரசத்தில் பூண்டைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிறகு பல்லை எடுத்துவிடுவது உதவாது, சாரம் முழுக்கத் தண்ணீரில் இறங்கியிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம், வெள்ளைப் பகுதியை வேண்டாம்.

ஒளிந்திருப்பவைதான் ஆளைக் கவிழ்க்கும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஒரு சிட்டிகையால் வயிறு உப்பாது, ஆனால் சீலியாக் உள்ளவர்களுக்கு அது முக்கியம். அரிசிமாவு சேர்த்ததும் கிடைக்கிறது. சாம்பார்ப் பொடியில் துவரையும் கடலைப்பருப்பும், தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை, ஊறுகாயில் பூண்டு, பிஸ்கட்டில் பால் திடப்பொருள், பல மாத்திரைகளில் நிரப்புப் பொருளாகப் பால் சர்க்கரை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அந்த அளவு பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. பாக்கெட் உணவுகளில் பால், கோதுமை, சோயா போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இந்தக் கட்டம் குறைந்தது இரண்டு வாரம், அதிகம் ஆறு வாரம். தீபாவளி, பொங்கல், கல்யாணம் குறுக்கிடாத காலமாகப் பாருங்கள். தொல்லை பாதிக்குமேல் குறைந்தால் அடுத்த கட்டம். ஆறு வாரம் சுத்தமாக இருந்தும் ஒன்றும் மாறவில்லையா? அந்த உணவுகள் குற்றவாளி இல்லை. எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடுங்கள், நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். இன்னும் நாலை நிறுத்திப் பார்ப்போம் என்று போகாதீர்கள்.

திரும்பச் சேர்ப்பது

இந்த இடத்தில் எல்லோருக்கும் பயம் வரும். வயிறு அமைதியாக இருக்கிறது, ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? நானும் பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் நிறுத்தியது ஐந்து வகை என்றால், காரணம் அவற்றில் ஒன்றாக மட்டும் இருக்கலாம். மற்ற நாலையும் ஏன் இழக்க வேண்டும்? பருப்பும் வெங்காயமும் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி. நெடுநாள் ஒதுக்கிவைப்பது நல்லதல்ல.

ஒரு வாரத்துக்கு ஓர் உணவு. மூன்று நாள் சோதனை, மூன்று நாள் ஓய்வு. மற்ற விலக்குகள் எல்லாம் அப்படியே தொடரட்டும். தேறிய உணவையும் உடனே தினசரிச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள், கடைசிவரை ஓரமாக நிற்கட்டும், இல்லையென்றால் அடுத்த சோதனையில் இரண்டும் கலந்துவிடும்.

சோதிக்கும் சாமானில் ஒரே ஒரு வகைதான் இருக்க வேண்டும். கோதுமையைச் சப்பாத்தியில் சோதியுங்கள், மாவும் உப்பும் தண்ணீரும் மட்டும். பன்னில் பால் இருக்கும். பரோட்டா சால்னாவில் மைதா, வெங்காயம், பூண்டு, முந்திரி, எண்ணெய் எல்லாம் உண்டு, அதைச் சாப்பிட்டு வயிறு வலித்தால் ஒன்றும் தெரியாது. பாலைக் காபியில் சோதிக்காதீர்கள், காபியே குடலைத் துரிதப்படுத்தும்.

நான் வைத்துக்கொண்ட அளவுகள் இவை. பால்: முதல் நாள் 60 மி.லி., அடுத்த நாள் 120, மூன்றாம் நாள் 240. சப்பாத்தி: ஒன்று, இரண்டு, மூன்று. சின்ன வெங்காயம்: ஒன்று, இரண்டு, நாலு, சோற்றில் வதக்கிப் போட்டு. பூண்டு: கால் பல், அரைப் பல், ஒரு பல். வெங்காயத்திலும் பூண்டிலும் ஒரே வகைச் சர்க்கரைதான், ஆனாலும் தனித்தனியாகவே பாருங்கள், ஒன்று ஒத்துக்கொண்டு மற்றது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வேகவைத்த கொண்டைக்கடலை: இரண்டு மேசைக்கரண்டி, நாலு, அரைக் கிண்ணம். துவரைக்கும் இதே மாதிரி. தொல்லை கிளம்பினால் அந்த அளவை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த அளவுக்குப் போக வேண்டாம். வயிறு முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்த உணவு, அதற்கு ஒரு வாரம் ஆனாலும் சரி.

லேசான வாயு எல்லோருக்கும் வரும், சில வாரம் விட்ட பருப்பைத் திரும்பச் சாப்பிடும்போது கூடுதலாகவே வரும். அதைத் தோல்வியாகக் கணக்கிடாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் எழுதிய மதிப்பெண்களோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள்.

பயமே வயிற்றைக் கலக்கிவிடும். "இன்றைக்குப் பால் குடித்திருக்கிறேன்" என்ற நினைப்பு போதும், பலருக்கு நிஜமாகவே வலி வரும். பாலுக்கு இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. பால் சர்க்கரை நீக்கிய பால் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் ஒருவரை ஒருநாள் அதையும் இன்னொரு நாள் சாதாரணப் பாலையும் காய்ச்சித் தரச் சொல்லுங்கள், எது எந்த நாள் என்று அவருக்கு மட்டும் தெரியட்டும். நீக்கிய பால் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், அதனால் இரண்டிலும் ஏலக்காயும் சர்க்கரையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். எனக்கு மாமியார் ஆறு நாள் இப்படித் தந்தார். ஆறு நாளும் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்து வருடச் சந்தேகம் அங்கே முடிந்தது.

கிடைத்த விடையை வைத்து என்ன செய்வது

பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று வந்தவர்களும் பாலைத் தலைமுழுக வேண்டியதில்லை. ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது 200 மி.லி.யில், பால் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம். ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரும்பாலோர் சமாளிக்கிறார்கள், சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிது. ஒரு டபரா காபியில் அதில் பாதிகூட இருக்காது. கடுமையான பேதிக்குப் பிறகு வந்த ஒத்துக்கொள்ளாமை என்றால் குடல் தேறியதும் தானாகப் போய்விடுவதும் உண்டு.

பருப்பு தொல்லை தந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அளவைக் குறைத்துப் பாருங்கள். கோதுமையில் இரண்டு சப்பாத்தி சரி, மூன்றாவது ஆகாது என்று வந்தால் இரண்டோடு எழுந்துவிடுங்கள். அவ்வளவுதான், மாவையே வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டாம். எல்லைகள் கூடுவதும் குறைவதும் உண்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தோற்ற உணவை மறுபடி சின்ன அளவில் சோதியுங்கள்.

என் கணக்கில் சின்ன வெங்காயம் இரண்டு வரை சரி, துவரம்பருப்புச் சாம்பார் ஒரு கிண்ணம் சரி, பாலும் கோதுமையும் முழுசாகச் சரி. பூண்டு கால் பல்லுக்குமேல் போனால் அன்று சாயங்காலம் வயிறு உப்பிவிடுகிறது. மாமியார் இப்போது ரசம் வைக்கும்போது முதலில் மிளகு ரசமாகக் கொதிக்கவிட்டு எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் பூண்டைத் தட்டிப் போடுகிறார்.